கீழ் வீட்டுக்குச் சொன்னது

நவம்பர் 14, திங்கள்

இலக்கியா பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் பாயில் சுருண்டுவிட்டாள். குழந்தைகள் தின விழா என்று மதியம்வரை தூறலில் மைதானத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். கழுத்தைத் தொட்டால் சுட்டது. 102.4. பாராசிட்டமால் சிரப், 4.40க்கு.

லேபில் எதையும் எழுதிவைத்தே பழகிவிட்டது. புது வருடத்துக்கு ஒரு கம்பெனிக்காரர் கொடுத்த டைரி இதுவரை காலியாகவே கிடந்தது. காய்ச்சல் கணக்கு எழுத இதை எடுத்துக்கொண்டேன்.

6.30க்கு 101. இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

நவம்பர் 15, செவ்வாய்

லேபுக்கு லீவு சொன்னேன். காலையில் 103. இவரும் பட்டறைக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். டாக்டர் பரிமளா க்ளினிக்கில் உட்கார இடமில்லை. கரூரில் உள்ள பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் இருமிக்கொண்டிருந்தன.

மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டுப் பார்த்து, கால் மணி நேரத்தில் ஃப்ளூ என்று சொல்லிவிட்டார். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், மூக்குக்குச் சொட்டு மருந்து, அப்புறம் ஃப்ளூ கிருமிக்கென்று ஒரு சிரப். காலையும் மாலையும் ஐந்து மில்லி, ஐந்து நாள். "இதை இன்னைக்கே ஆரம்பிச்சிருங்க, தள்ளிப் போடாதீங்க" என்றார். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அட்டைப்பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்தேன். எறும்பு எழுத்து. வாந்தி, வயிற்று வலி என்று ஆரம்பித்து, கீழே போகப் போகக் குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது என்று போகிறது. போன வாரம் பள்ளி அம்மாக்கள் குரூப்பில் வந்த ஆடியோ ஞாபகம் வந்தது. யாரோ ஒரு பெண் அழுதுகொண்டே பேசுகிறாள்: ஃப்ளூ மருந்து குடித்த மகன் பால்கனிக் கம்பியில் ஏறி நின்றானாம். எந்த ஊர், என்ன மருந்து என்று சொல்லவில்லை. எங்கள் வீடு மாடியில். கைப்பிடிச் சுவர் என் இடுப்பு உயரம்தான்.

மருந்துப் புட்டியில் பொடிதான் இருந்தது. தண்ணீர் கலந்து குலுக்க வேண்டும். நான் கலக்கவில்லை. பீரோ மேல் வைத்தேன்.

காரணமில்லாமல் பயப்படுகிறவள் இல்லை நான். இலக்கியாவுக்கு இரண்டரை வயதில் ஒரு ஆன்டிபயாடிக் கொடுத்து உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கியது. அன்றைக்கு ட்யூட்டியில் இருந்த டாக்டர், "வைரல் ரேஷ்மா, மருந்தை நிறுத்தாதீங்க" என்றார். நான் நிறுத்தினேன். அப்புறம் பார்த்த பெரிய டாக்டர், "நிறுத்தினது நல்லதாப் போச்சு, அம்மா கண்ணு தப்பாது" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்கு 103.8. சுவரில் எறும்பு ஊர்கிறது, பெரிய பெரிய எறும்பு என்று இலக்கியா கத்தினாள். சுவரில் ஒன்றும் இல்லை. ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டாள். அந்த மருந்தை ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காமலே இப்படி. கொடுத்திருந்தால்?

வேலையிலிருந்து வந்ததும் இவர் கேட்டார். "மருந்து குடுத்தாச்சா?"

"ம்."

பொய் இல்லை. பாராசிட்டமால் கொடுத்திருந்தேன்.

நவம்பர் 16, புதன்

வேலைக்குப் போனேன். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் ஆறரைக்கே லேப் வாசலில் நிற்பார்கள். இரண்டு நாள் தொடர்ந்து லீவு கேட்க முடியாது. இவர் பத்து மணிவரை பிள்ளையோடு இருந்தார். அதன்பிறகு கீழ் வீட்டு அம்சவேணி. நான் கேட்கவே இல்லை, அவளாகவே வந்தாள்.

"நீங்க போங்கண்ணா, நான் பாத்துக்கறேன். எனக்கென்ன, வீட்டுலதானே இருக்கேன்" என்றாளாம் இவரிடம். அவள் வீட்டுக்காரர் மூர்த்திக்கு லாரி ஓட்டம். போனால் பத்து நாள், பதினைந்து நாள். அவளும் ஐந்து வயது தர்ஷினியும்தான் வீட்டில். இரண்டரைக்கு நான் வந்தபோது இலக்கியா தலைமாட்டில் அம்சவேணி உட்கார்ந்து ரசஞ்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். தர்ஷினி அதே பாயில் படுத்து க்ரையானில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள்.

தர்ஷினிக்கு வீசிங் உண்டு. பிள்ளையைக் கிட்ட விடாதே என்று சொல்ல நினைத்தேன். அவ்வளவு உதவி செய்கிறவளிடம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன்.

102.2.

நவம்பர் 17, வியாழன்

காலையில் எட்டரைக்கு இலக்கியா வாந்தி எடுத்ததாக இவர் போனில் சொன்னார். "என்ன சாப்பிட்டா?" என்றேன். "ஒண்ணும் இல்ல, கொஞ்சம் பால்" என்றார்.

மதியம் 101. வாய் கசக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். காய்ச்சல் வாய் அப்படித்தான்.

இவர் இரண்டு நாளாக மருந்தைப் பற்றிக் கேட்பதில்லை. நம்பிவிட்டார். கொஞ்சம் உறுத்தலாக இருந்தது. ஆனால் வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் பிள்ளை பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார். "நீ போய்ச் சமையலைப் பாரு, நான் இருக்கேன்" என்கிறார். பெயின்ட் வாடையோடு அவர் அங்கே இருப்பது அவளுக்குப் பிடித்திருக்கிறது.

நவம்பர் 18, வெள்ளி

99.6. தானாக எழுந்து பாத்ரூம் போனாள்.

நவம்பர் 19, சனி

காய்ச்சல் இல்லை. தோசை கேட்டாள். இரண்டு சாப்பிட்டுவிட்டு மூன்றாவதுக்குச் சர்க்கரை கேட்டாள். அப்பா வாங்கி வந்த சாக்லேட் பாக்கியிருக்கிறது என்று தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

பீரோ மேலிருந்த புட்டியை எடுத்துக் குப்பையில் போட்டேன். சீல்கூட உடையாத புட்டி. ஜெயித்த மாதிரி இருந்தது. இப்படி எழுதக் கூடாதுதான், ஆனால் அப்படித்தான் இருந்தது.

நவம்பர் 21, திங்கள்

இலக்கியா பள்ளிக்குப் போனாள்.

மூன்று மணிக்கு அம்சவேணி மேலே வந்தாள். தர்ஷினிக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். காலையிலேயே டாக்டர் பரிமளாவிடம் காட்டிவிட்டாள். கையில் அதே அட்டைப்பெட்டி, அதே புட்டி.

"அக்கா, இந்த மருந்து குடுக்கலாங்களா? மெடிக்கல் ஷாப்ல நின்னுட்டிருந்த ஒருத்தர், இது ரொம்பப் பவரு, சின்னப் புள்ளைக்கா வாங்கறீங்கன்னு கேட்டுட்டாருங்க்கா. அதுலருந்து எனக்குக் கையே ஓடல."

கீழ் வீடு, எதிர் வீடு, பால்காரர் என்று எல்லாருக்கும் நான்தான் பாதி டாக்டர். ரத்த ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். படித்துச் சொல்வேன். அம்சவேணியும் அப்படித்தான் கேட்டாள்.

நான் கொடுக்காதே என்று சொல்லவில்லை. இதை இங்கே தெளிவாக எழுதிவைக்கிறேன். "இலக்கியாவுக்கும் இதைத்தான் எழுதினாங்க. நான் குடுக்கல. நாலே நாள்ல எழுந்துட்டா பாரு" என்று மட்டும்தான் சொன்னேன்.

அவள் முகம் தெளிந்தது. "நீங்களே குடுக்கலீங்களா? அப்பறம் என்னங்க்கா" என்றாள்.

வீசிங் உள்ள பிள்ளை ஆயிற்றே என்று மனதில் ஓடியது. சொன்னேனா, சொல்லவில்லையா என்று இப்போது ஞாபகமில்லை.

நவம்பர் 22, செவ்வாய்

லேபில் கூட்டம். நூற்றுப்பத்து சாம்பிள். வீடு திரும்பும்போது கீழ் வீட்டில் இருமல் கேட்டது.

நவம்பர் 23, புதன்

மாடிப்படி ஏறும்போது எட்டிப் பார்த்தேன். தர்ஷினி நெபுலைசர் மாஸ்க் போட்டுக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். கை காட்டினேன். அவளும் காட்டினாள். "மூணு நாளாச்சு, நாளைக்கு இறங்கிரும்" என்றேன் அம்சவேணியிடம்.

நவம்பர் 24, வியாழன்

பதினொன்றரைக்கு லேபுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, மூச்சு வேகமா வாங்குதுங்க்கா. வயிறு உள்ள உள்ள போகுது. பேசவே மாட்டேங்கறா."

கையில் ஊசியோடு நின்றுகொண்டிருந்தேன். "இன்னொரு தடவை நெபுலைசர் வை" என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன். "உதடு என்ன கலர்ல இருக்கு அம்சா?"

"ஒரு மாதிரி… நீலமா இருக்குதுங்க்கா."

ஆட்டோ பிடித்து உடனே போ என்றேன். டாக்டர் பரிமளா பார்த்துவிட்டு அங்கிருந்தே ஆம்புலன்ஸில் ஐசியூ உள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். ஃப்ளூவோடு நிமோனியா. இரண்டு பக்க நுரையீரலிலும்.

நவம்பர் 25, வெள்ளி

அந்த ஆஸ்பத்திரியிலிருந்து சில டெஸ்ட்டுகளுக்கு எங்கள் லேபுக்குத்தான் சாம்பிள் வரும். காலையில் பெட்டியைத் திறந்தபோது மூன்றாவது குழாயில் 'தர்ஷினி, 5 வயது, பெண்' என்று எழுதியிருந்தது. வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். நானே ஓட்டினேன். உடம்பில் தொற்று எவ்வளவு என்று காட்டும் சி.ஆர்.பி. ஐந்துக்குள் இருக்க வேண்டியது, 148. மெஷின் தப்போ என்று மறுபடி ஓட்டினேன். 146.

மதியம் வீட்டுக்கு வந்தபோது இவர் சாப்பிட வந்திருந்தார். சாதத்தைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து, அவர் கேட்காமலே பேச ஆரம்பித்தேன்.

"அந்த மருந்து குடுக்காததுனாலன்னு சொல்ல முடியாதுங்க. நம்ம இலக்கியாவுக்கும்தான் நான் குடுக்கல. அவ எந்திரிச்சு ஓடலையா?"

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "அம்சவேணிகிட்ட அப்படியா சொன்ன?"

"என்ன சொன்னேன்? நான் குடுக்கலேன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"இலக்கியாவுக்கு நான் குடுத்தேன் மேகலா."

எனக்குப் புரியவில்லை.

"புதன்கிழமை காலைல பீரோ மேல பாத்தேன். சீல் பிரிக்கவே இல்ல. உன்கிட்ட கேட்டா சண்டை வரும். ஜெயிக்கவும் முடியாது. அதே சீட்டைக் காட்டி வேற கடைல இன்னொரு புட்டி வாங்குனேன். கடைக்காரரே தண்ணி கலந்து குடுத்தாரு. டிபன் பைல வச்சுக்கிட்டு, காலைல நீ போனதும் ஒண்ணு, சாயங்காலம் நீ அடுப்படில இருக்கும்போது ஒண்ணு. அம்மாகிட்ட சொல்லாதடான்னு சாக்லேட் குடுத்தேன். அஞ்சு நாளும் முழுசாக் குடுத்தாச்சு."

வாந்தி, வாய்க் கசப்பு, சட்டைகூட மாற்றாமல் போய் உட்கார்ந்தது. எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் ஒரே ஒரு தடவை பதில் சொன்னார்.

"நீயும் சொல்லலியே."

கொஞ்ச நேரம் கழித்து அவரே, "நான் அன்னைக்கே வாயைத் திறந்திருந்தா நீ கீழ அப்படிச் சொல்லியிருக்க மாட்ட" என்றார். சாப்பாடு அப்படியே இருந்தது.

நவம்பர் 26, சனி

வென்டிலேட்டரில் வைத்துவிட்டார்கள்.

நவம்பர் 28, திங்கள்

டிபன் கேரியரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டாவது மாடி வராண்டா. ஐசியூ கதவுக்கு எதிரே இரும்பு நாற்காலி வரிசையில் அம்சவேணி. மூன்று நாளாக அதே சேலை. பக்கத்தில் மூர்த்தி. நாக்பூரில் லோடை இறக்காமல் இன்னொரு டிரைவரிடம் வண்டியை ஒப்படைத்துவிட்டு ரயிலேறி வந்திருக்கிறான்.

நான் வந்ததை அவன் கவனிக்கவில்லை.

"டாக்டர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. அந்த மருந்து ஏன் குடுக்கலேன்னு. என்னடி சொன்ன நீ? மறந்துட்டேன்னு சொல்லுறே. மறக்கறதுக்கு அது என்ன காய்கறி லிஸ்ட்டா? வீட்டுல உக்காந்துட்டிருக்கறதுக்கு உனக்கு வேற என்ன வேல?"

வராண்டாவில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். ஒரு நர்ஸ், "சத்தம் போடாதீங்க சார்" என்றாள். அம்சவேணி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அப்புறம் நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தாள்.

கோபமாகப் பார்க்கவில்லை. கெஞ்சலாகவும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள், அவ்வளவுதான்.

நான் கேரியரை நாற்காலியில் வைத்தேன். "சாப்பிடு அம்சா. தம்பி, நீங்களும் சாப்பிடுங்க" என்றேன். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு என்று சொன்னேன். அவ்வளவையும் சொல்ல முடிந்தது எனக்கு.

பஸ்ஸில் வரும்போது, இப்போது சொன்னால் அவன் அங்கேயே ரகளை பண்ணுவான், பிள்ளை சரியாகட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன். அது சரியான யோசனை என்றுகூடத் தோன்றியது.

டிசம்பர் 1, வியாழன்

சி.ஆர்.பி. 61. இறங்குகிறது. ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டு லேப் பாத்ரூமில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். தினமும் ஆஸ்பத்திரிக்குக் கேரியர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன்.

டிசம்பர் 3, சனி

ட்யூப் எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறாள். "அம்மா" என்று கூப்பிட்டாளாம், சத்தம் வரவில்லையாம், வாய் மட்டும் அசைந்ததாம். அம்சவேணி போனில் சொல்லி அழுதாள். நானும் அழுதேன். சொல்லிவிடலாம் என்று நாக்குவரை வந்தது. அவள் சந்தோஷமாக இருக்கும்போது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இவர், "சொல்லிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

டிசம்பர் 9, வெள்ளி

தர்ஷினி வீட்டுக்கு வந்துவிட்டாள். மூர்த்தி தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினான். கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது. வாசல்படி இரண்டைத் தானே ஏறுகிறேன் என்று அடம்பிடித்து ஏறினாள். ஏறி முடித்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். நுரையீரல் பழையபடி ஆக மாதக்கணக்கில் ஆகுமாம். முழுக்க ஆகுமா என்று இப்போதே சொல்ல முடியாதாம்.

இலக்கியா தன் க்ரையான் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

டிசம்பர் 11, ஞாயிறு

முசிறியிலிருந்து மூர்த்தியின் அம்மா வந்திருக்கிறார். மாடிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது கீழே பேசுவது கேட்டது. மருந்தெல்லாம் அந்த அம்மாவின் மஞ்சப்பையில் இருக்கிறது. எந்த நேரத்துக்கு எது என்று மூர்த்தி அவருக்குத்தான் சொல்லிக்கொடுக்கிறான்.

அம்சவேணி ஏதோ சொன்னாள். "நீ பேசாம இரு. நீ பாத்த லட்சணம் போதும்" என்றான்.

புதன்கிழமை பிள்ளையை முசிறிக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்களாம். அங்கேயே பள்ளியிலும் சேர்த்துவிடுவார்களாம். அம்சவேணி வருவதைப் பற்றி, "வந்தா வா" என்று சொன்னானாம். இதை எனக்குச் சொன்னது எதிர் வீட்டுக்காரம்மா.

இன்றைக்குக் குடம் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை நாளாக நான் பயந்தது மூர்த்தியின் கோபத்துக்கு இல்லை. அது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. 'மேகலாக்காகிட்ட கேளு' என்று சொல்கிற வாய்கள் இனிமேல் சொல்லாமல் போய்விடுமே, அதற்குத்தான். இந்த டைரியிலேயே முதல் நாளிலிருந்து எனக்கு வசதியான மாதிரிதான் எழுதியிருக்கிறேன். அன்று அம்சவேணியிடம் நான் இன்னொன்றும் சொன்னேன். "எதுக்கு ரிஸ்க் எடுக்கறே, குடுக்காத" என்று. வீசிங்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 12, திங்கள்

லேபிலிருந்து வந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கீழ் வீட்டுக்குள் போனேன்.

மூர்த்தி பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். அம்சவேணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். உள் அறையில் தர்ஷினியும் பாட்டியும். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

"தம்பி, அவ மருந்து குடுக்க மறக்கல. கையில புட்டியோட மேல வந்து என்னைக் கேட்டா. நான்தான் குடுக்காதன்னு சொன்னேன். எம்புள்ளைக்குக் குடுக்கல, அவ நல்லாயிட்டான்னு சொன்னேன். அதை நம்பித்தான் அவ குடுக்கல."

அவன் கையிலிருந்த குண்டாவைக் கீழே வைத்தான்.

"உங்க புள்ளைக்குக் குடுக்கலீங்களா?"

"குடுத்திருக்காரு. எனக்குத் தெரியாம அவங்கப்பா குடுத்திருக்காரு. தர்ஷினி ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாள்தான் எனக்குத் தெரிஞ்சுது."

மூர்த்தி கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கணக்குப் போடுகிறவன் மாதிரி என்னையே பார்த்தான்.

"வராண்டாவுல சோத்துக் கேரியரோட நின்னீங்க."

"ஆமா."

"நான் இவளை அவ்வளவு பேருக்கு முன்னாடி பேசுனேன். நீங்க அங்கதான நின்னீங்க?"

"ஆமா தம்பி."

"பதினெட்டு நாளு." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

அம்சவேணி மடித்துக்கொண்டிருந்த பாவாடையை மடித்து முடித்தாள். அடுக்கில் வைத்தாள். நான் அவள் பக்கம் திரும்பி, "நீ ஏன் சொல்லல அம்சா?" என்று கேட்டேன்.

"எங்கைலதானங்க்கா இருந்துச்சு மருந்து. எம்புள்ள. குடுக்க வேண்டியது நானு. உங்க பேரைச் சொன்னா மட்டும் இல்லேன்னு ஆயிருமா?" சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "ஆனா நீங்களா ஒரு நா வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன். தெனமும் கேரியரைத் தொறக்கும்போது, இன்னைக்குச் சொல்லுவாங்கன்னு இருப்பேன். எலுமிச்ச சோறு, தக்காளி சோறுன்னு சொல்லீட்டுப் போயிருவீங்க."

அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

டிசம்பர் 14, புதன்

கிளம்பிவிட்டார்கள். மூர்த்தி என்னிடம் பேசவில்லை. இவரிடம் மட்டும் தலையாட்டினான். அம்சவேணியும் வண்டியில் ஏறினாள். தர்ஷினி மடியில் இருந்தாள். இலக்கியா கை காட்டினாள். கீழ் வீட்டுக்குப் பூட்டு.

டிசம்பர் 17, சனி

டாக்டர் பரிமளா க்ளினிக்குக்குத் தனியாகப் போனேன். டோக்கன் வாங்கி வரிசையில் உட்கார்ந்தேன். என் முறை வந்ததும், "குழந்தை எங்கே?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். இலக்கியாவுக்குக் கொடுக்காதது, இவர் கொடுத்தது, அம்சவேணிக்குச் சொன்னது. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். முடித்ததும், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் தாளில் 'தாயார் மருந்து கொடுக்க மறந்துவிட்டார்' என்று இருப்பதை மாற்ற முடியுமா என்று கேட்டேன்.

"அது அவங்க எழுதினது, நான் மாத்த முடியாது. ஆனா அந்தக் குழந்தையோட ஃபைல் இங்க இருக்கு. அதுல நடந்ததை எழுதிவைக்கறேன்" என்றார். பிறகு கேட்டார். "பயமா இருக்குன்னு என்னை ஏன்மா கேக்கல?"

"கூட்டமா இருந்துச்சுங்க டாக்டர். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுட்டாங்க."

"அது என் தப்பும்தான். கேக்கறீங்களான்னு நானும் நிமிர்ந்து பாக்கல" என்றார். பிறகு, அன்றைக்குக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ அதைச் சொன்னார். "இந்த மருந்துல வாந்தி வரும், அது உண்மை. குழப்பம், உளறல்னு அந்தத் தாள்ல போட்டிருக்கறதும் உண்மைதான். ஆனா ஃப்ளூ காய்ச்சலே குழந்தைங்களை உளற வைக்கும். மருந்தே குடிக்காத குழந்தையும் உளறும். எதனால வந்துச்சுன்னு பிரிக்கறது சில நேரம் கஷ்டம். அதனால கூடவே இருந்து பாத்துக்கோங்க, ஏதாவது வித்தியாசமா இருந்தா உடனே கூப்பிடுங்கன்னு சொல்லியிருப்பேன். உங்க பொண்ணு மாதிரி ஆரோக்கியமான குழந்தைக்கு இது இல்லாமக்கூடச் சரியாகியிருக்கலாம். வீசிங் இருக்கற குழந்தைக்கு அப்படி விட்டுப்பாக்கக் கூடாது. முதல் ரெண்டு நாள்தான் முக்கியம்."

"குடுத்திருந்தா அவளுக்கு இப்படி ஆகியிருக்காதுங்களா?"

"ஆகியிருக்காதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாதும்மா. வாய்ப்பு குறைஞ்சிருக்கும். அவ்வளவுதான் யாராலயும் சொல்ல முடியும்."

இவ்வளவையும் அவர் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்து க்ளினிக் படியில் நின்றபோதுதான் அது உறைத்தது. எனக்குப் பின்னால் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

அங்கேயே நின்று அம்சவேணிக்குப் போன் செய்தேன். டாக்டரிடம் சொல்லிவிட்டேன் என்று அவளிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. மூர்த்தி எடுத்தான். நான் யாரென்று சொன்னேன். வைத்துவிடுவான் என்று நினைத்தேன்.

"அவதான் புள்ளைக்கு மருந்து குடுத்துட்டிருக்கா" என்றான். "முடிச்சதும் பேசச் சொல்றேன்."

ஏழு மணி ஆகிறது. இதுவரை கூப்பிடவில்லை. போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.